அட்டாக்குக்கு அப்புறம் ஆறு மாத்திரை: எதையாவது விடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு, சுகரும் இருக்கு. மூணு மாசம் முன்னாடி அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், பான்டோப்ரசோல்னு தினம் ஆறு, அவசரத்துக்கு சார்பிட்ரேட். "நல்லாத்தானே இருக்கேன்"னு ரெண்டு மூணை விடப் பாக்குறார். வறட்டு இருமல் வேற. எதை நிறுத்தலாம்?

பதில்: நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. ஆனா ஒண்ணை மாத்த வேண்டியிருக்கலாம், அதை கடைசியில சொல்றேன்.

முதல் ரெண்டும், அதாவது எக்கோஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், ஊர்ல "ரத்தத்தை தண்ணியாக்குற மாத்திரை"ன்னு சொல்லுவாங்க, ரத்தம் ஒண்ணும் தண்ணியாகாது, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டுங்கிற அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இது பாத்துக்குது, அவ்ளோதான். ஸ்டென்ட்ங்கிறது ஒரு உலோக வலை, அது மேல உள்தோல் வளர்ந்து மூடுற வரைக்கும் உடம்புக்கு அது வெளிப்பொருள்தான், அந்த நேரத்துல மாத்திரையை விட்டா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டி அடைச்சிடும், அது முதல் அட்டாக்கை விட மோசமாவும் போகலாம். அட்டாக் வந்தவங்களுக்கு வழக்கமா ரெண்டும் சேர்ந்து 12 மாசம், அப்புறம் பெரும்பாலும் ஒண்ணு மட்டும் ஆயுசுக்கும். பல்லு புடுங்கப் போனா "நாலு நாள் நிறுத்திட்டு வாங்க"ன்னு யாராச்சும் சொல்லுவாங்க, ஸ்டென்ட் வச்ச டாக்டருக்கு ஒரு போன் போடாம நிறுத்தக் கூடாது.

பான்டோப்ரசோல் இந்த ரெண்டும் வயித்தைப் புண்ணாக்கி ரத்தம் கசியாம இருக்கத்தான், காலைல சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. கடையில "ரெண்டும் ஒண்ணுதான்"னு ஒமெப்ரசோல் குடுத்தா வாங்காதீங்க, அது குளோபிடோக்ரெலோட வேலையைக் குறைக்கும்.

அட்டோர்வாஸ்டாட்டின்தான் ஜனங்க அதிகமா விடுற மாத்திரை. ரிப்போர்ட்ல கொழுப்பு நார்மல்னு வந்துச்சாம், நிறுத்திட்டாராம்! நார்மல் ஆனதே மாத்திரையாலதானே? அதோட உங்கப்பாவுக்கு லேப்ல போட்டிருக்கிற நார்மல் கணக்கில்ல, எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு 70க்கு கீழ, முடிஞ்சா 55க்கு கீழ வேணும். ரத்தக்குழாய்ல ஏற்கெனவே படிஞ்ச கொழுப்பு வெடிக்காம இறுக்கிப் பிடிக்கிறதும் இதோட வேலைதான். தொடை, தோள்ல புதுசா சதை வலி வந்தா சொல்லுங்க, டோஸைக் குறைக்கவோ வேற மாத்தவோ வழி இருக்கு.

மெட்டோப்ரோலால் இதயத்துடிப்பை மெதுவாக்கி அதோட வேலைப்பளுவைக் குறைக்கும். இதைத் திடீர்னு விட்டா துடிப்பு எகிறி நெஞ்சுவலி திரும்பலாம். எக்கோங்கிற இதய ஸ்கேன்ல பம்பிங் நல்லா இருந்தா பிற்பாடு இதைக் குறைக்கலாமான்னு டாக்டரே யோசிப்பார். சுகர் இருக்கிறதால ஒண்ணு கவனிங்க: லோ சுகர் ஆனா வர்ற படபடப்பை இது மறைச்சிடும், வேர்வை மட்டும் வரும், அதனால அப்பா காரணமில்லாம வேர்த்தா உடனே சுகர் பாருங்க.

சார்பிட்ரேட்டை நெஞ்சுவலி வந்தா நாக்குக்கு அடியில, உக்காந்துகிட்டு வைக்கணும், நின்னுகிட்டு வச்சா பிரஷர் இறங்கி விழுந்துடுவாங்க. அஞ்சு நிமிஷத்துல வலி அடங்கலைன்னா 108. ஆண்மைக்குறைவு மாத்திரை எடுக்கிறவங்க இதைத் தொடவே கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிடும், வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட மறைக்கிறாங்க, அதான் ஆபத்து.

இப்ப அந்த இருமல். என் சந்தேகம் ராமிப்ரில் மேலதான். பிரேசில்ல ஒரு விரியன் பாம்போட விஷத்தை ஆராய்ஞ்சப்போ கிடைச்ச துப்புல பொறந்த மருந்துக் குடும்பம் இது, பிரஷரையும் குறைக்கும், அட்டாக்ல அடிபட்ட இதயம் வீங்கிப் பெருசாகாமலும் தடுக்கும். ஆனா சிலருக்கு சளியே இல்லாம தொண்டையில நமநமன்னு இருமல் வரும், எத்தனை சிரப் குடிச்சாலும் போகாது. டாக்டர்கிட்ட சொன்னா டெல்மிசார்ட்டன் மாதிரி ஒண்ணுக்கு மாத்துவார், பழசை விட்ட கொஞ்ச வாரத்துல இருமல் நிக்கும். ஆனா உதடோ முகமோ வீங்கினா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. ரெண்டுல எது சாப்பிட்டாலும் சோடியம் கம்மின்னு விக்கிற உப்பு வேணாம், அதுல பொட்டாசியம் அதிகம், இந்த மருந்தும் பொட்டாசியத்தை ஏத்தும்.

மூட்டு வலிக்கு கடையில டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுற பழக்கம் அப்பாவுக்கு இருந்தா அதை முதல்ல நிறுத்துங்க. அடுத்த செக்கப்புக்கு சீட்டு மட்டும் இல்லாம மாத்திரை அட்டைங்களையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, சில கேப்ஸ்யூல்ல ரெண்டு மூணு மருந்து சேர்ந்தே இருக்கும், தெரியாம அதே மருந்தை டபுளா முழுங்குறவங்க உண்டு.