ஆற்றங்கரைப் பிளாஸ்டிக் குப்பையைப் பள்ளி மாணவர்கள் எண்ணித் தரும் கணக்கு ஆய்வுக்குப் பயன்படுமா?

பயன்படும், ஆனால் எந்த இடத்தில் எண்ணுவது என்பதைக் குப்பை கண்ணில் படுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மாணவர்களை இரண்டு முறை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்ற ஆசிரியன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதல் முறை, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டேன். எல்லோரும் நேராகப் பெரிய குவியலை நோக்கி ஓடினார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு மூட்டைகள் நிரம்பின, கரையும் சுத்தமானது. ஆயினும் அந்தக் கரையில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு குப்பை கிடக்கிறது என்று கேட்டால் எங்களிடம் விடை இல்லை.

ஜெர்மனியில் 2016இல் தொடங்கிய ‘பிளாஸ்டிக் கடற்கொள்ளையர்’ என்னும் மாணவர் திட்டத்தின் முறையைப் பிறகுதான் படித்தேன். நீர்விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி நேர்கோடு பிடித்து, நீரோரம், கரைச்சரிவு, மேடு ஆகிய மூன்று இடங்களிலும் 1.5 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போட்டு, அதற்குள் கிடப்பதை மட்டும் எண்ணுகிறார்கள். ஒரு குச்சியும் கயிறும் போதும். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 5,500க்கும் மேற்பட்ட மாணவர்கள் இவ்வாறு திரட்டிய கணக்கு ஆய்விதழில் வெளியானது. சராசரி, சதுர மீட்டருக்கு 0.54 பொருள். வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர் என்பதால், ஒரு வட்டத்துக்கு நான்கு பொருள்கூடத் தேறாது. அப்படியென்றால் ஒன்றுமே இல்லாத வட்டங்களும் வரத்தான் செய்யும். அங்கே ‘0’ என்று எழுத மாணவர்களுக்கு மனம் வருவதில்லை, கயிற்றைச் சற்று நகர்த்திப் போடலாமா என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் இணங்கிவிடாதீர்கள்.

எண்ணும்போது இரண்டு குழப்பங்கள் கட்டாயம் எழும். சிகரெட் துண்டைப் பெரும்பாலோர் காகிதத்தில் சேர்த்துவிடுவார்கள், ஆனால் அதன் வடிப்பான் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக் இழையால் ஆனது. எனவே அதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் ஒதுக்குங்கள். கிழிந்த பையின் நாற்பது துணுக்குகளை ஒன்று என்பதா நாற்பது என்பதா என்பது இன்னொன்று. எதை வைத்துக்கொண்டாலும் சரி, எல்லாக் குழுவும் ஒன்றையே பின்பற்ற வேண்டும். எடைபோடுவதை நான் கைவிட்டுவிட்டேன், ஏனெனில் ஈரமும் சேறுமாக இருக்கும் பைகளில் நாம் நிறுத்துவது பாதி மண்ணைத்தான்.

கரையில் கிடப்பது ஆற்றிலுள்ள குப்பை முழுவதும் அன்று என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட அடர்த்தி குறைந்தவையாதலால் மிதந்து கரை ஒதுங்கும். தண்ணீர்ப் புட்டி செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கோ நீரைவிட அடர்த்தி மிக்கது. மூடியுள்ள புட்டி உள்ளிருக்கும் காற்றால் மிதக்கும், மூடியில்லாதது நீர் புகுந்து அடியில் தங்கிவிடும், எந்த வட்டத்திலும் அகப்படாது.

இரண்டாம் முறை ஒன்பது வட்டங்கள் போட்டோம், நான்கில் ஒன்றுமில்லை. எண்ணுவதற்கு முன் ஒவ்வொரு வட்டத்தையும் மேலிருந்து படமெடுத்து வைத்திருந்ததால், மறுநாள் வேறொரு குழு படத்தைப் பார்த்து மீண்டும் எண்ணியது. இரண்டு வட்டங்களில் எண்ணிக்கை வேறுபட்டது, இரண்டிலும் விடுபட்டவை சிகரெட் துண்டுகளே.