சில்வியா ஏன் திரும்பிப் போனாள்?

அன்புள்ள அக்கா,

'த டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ' (1974), 'டாக் டே ஆஃப்டர்நூன்' (1975) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டும் நியூயார்க், இரண்டிலும் பணயக்கைதிகள்; முதலாவதில் ரயிலில், அடுத்ததில் வங்கியில். எனக்கு ரயில் படம்தான் பிடித்தது. வங்கிப் படம் இழுவை. பணயக்கைதிகள் வெறும் கூட்டம்தானே, அவர்களுக்கு எதற்கு இவ்வளவு நேரம்? எது மேல்? 2009-இல் மறுபடி எடுத்த ரயில் படத்தையும் பார்க்கலாமா?

ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள தம்பி,

2009 படத்தை விடு. பழையது எனக்கும் பிடிக்கும். பத்து லட்சம் டாலர், ஒரு மணி நேரக் கெடு, கடைசியில் ஒரு தும்மலில் ஆள் மாட்டிக்கொள்வது, எல்லாம் கச்சிதம். ஆனால் "வெறும் கூட்டம்தானே" என்று எழுதினாயே, அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் பார். பயணிகள் எல்லாரும் 'கிழவர்', 'ஹிப்பி', 'விற்பனையாளர்' என்றுதான் வருகிறார்கள். உனக்குத் தொற்றிக்கொண்டது அதுதான்.

வங்கிப் படத்தில் தலைமைக் காசாளர் சில்வியாவைக் கவனித்தாயா? கொள்ளைக்காரனாக வரும் அல் பாசினோவோடு வாசல்வரை வருகிறாள். போலீஸ் வந்துவிடச் சொல்கிறது. தன்னுடைய பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று திரும்பிப் போய்விடுகிறாள். இதையா இழுவை என்கிறாய்?

1980 ஜனவரி 25. பிரிட்டோரியாவின் சில்வர்டனில் நிறவெறி அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய எம்.கே. அமைப்பின் பையன்கள் மூன்று பேர் ஒரு வங்கிக்குள் 25 பேரைப் பிடித்துவைத்து, மண்டேலாவை விடச் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. சாட்ஸ்வர்த் வீட்டில் அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை. அவர் மனசு அந்த மூவர் பக்கம். வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம். பருப்புக் கடைந்துகொண்டிருந்த அம்மா, "உள்ள இருக்கிற பொம்பளைங்க யாரு? அவங்க புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்றாள். "இப்ப அதுவா முக்கியம்?" என்று அப்பா சீறினார். அம்மா மத்தைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "எனக்கு முக்கியம்" என்றாள். அப்பாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மூன்று பையன்களும் செத்தார்கள். பணயக்கைதிகளில் இருவர் பிழைக்கவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அப்புறம் பல நாள் பேப்பரை என் மடியில் போட்டு, அந்த வங்கிச் செய்தி இருந்தால் அதில் வரும் ஒவ்வொரு பெயரையும் வாசிக்கச் சொன்னாள், பையன்கள் பெயரையும் சேர்த்துத்தான்.

வங்கிப் படத்தை இன்னொரு தடவை பார், தம்பி. சில்வியா திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா