அட்டாலியில் கிடக்கும் சினிமா

கேள்வி: எங்கள் அய்யன் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் சேர்த்துவைத்த நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கண்ணாடி ஸ்லைடு எல்லாம் அட்டாலியில் இரண்டு தகரப்பெட்டி நிறைய இருக்கிறதுங்க. பழைய பேப்பர்காரர் நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை வைத்திருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இத்தாலியில் மரியா அட்ரியானா ப்ரோலோ என்று ஓர் அம்மா இருந்தார். 1908இல் பிறந்தவர், சரித்திர ஆராய்ச்சிக்காரர். அவர் வேலை பார்த்த டூரின் நகரம் ஊமைப்படக் காலத்தில் நம்ம சேலம், கோவை மாதிரி படம் எடுத்துத் தள்ளிய ஊர். 1914இல் வந்த ‘காபிரியா’ என்ற ஊமைப்படம் அங்கே உருவானதுதான். அப்புறம் சினிமா ரோமுக்குப் போய்விட்டது, ஸ்டுடியோக்கள் மூடிக்கிடந்தன, தட்டுமுட்டுச் சாமானெல்லாம் பழைய சந்தைக்கு வந்தது. இந்த அம்மா அங்கே போய், சினிமாவுக்கு முன்னால் ஸ்லைடு காட்டப் பயன்பட்ட மாய விளக்கு, கேமரா, போஸ்டர், திரைக்கதைத் தாள் என்று கிடைத்ததை வாங்க ஆரம்பித்தார். மியூசியம் வைக்க வேண்டும் என்று டைரியில் குறித்தது 1941இல், அதுவும் உலகப்போர் நடுவில்! சேர்த்ததை வைக்க இடமில்லாமல், ஊரின் பெரிய கோபுரமான மோலே அந்தோனெல்லியானாவில் ஓர் அறை கேட்டு வாங்கினார்.

ஊமைப்படச் சுருள்கள் பெரும்பாலும் எரிந்தோ, பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்டோ போய்விட்டன. படமே இல்லாதபோது நோட்டீஸும் பத்திரிகைத் துண்டும்தானே சாட்சி? 1951இல் இத்தாலிய ஊமைப்பட வரலாற்றைப் புத்தகமாக்கினார். 1958இல் மியூசியம் திறந்தது. 2000இல் அது அதே கோபுரத்துக்கே குடிபோனது. பார்க்கத்தான் அவர் இல்லை, 1991லேயே காலமாகிவிட்டார். படத்துக்கு மார்க் போடும் விமர்சகர்களைவிட இப்படிக் குப்பையைக் கிளறியவர்கள்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

‘காபிரியா’ வந்த அதே 1914இல்தான் ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் என்ற சினிமா கொட்டகையைக் கட்டினார். ரோட்டுக்கு இன்னும் அந்தப் பெயர் இருக்கிறது. முதல் வருஷம் ஓடிய ஒரு படத்தின் நோட்டீஸைக் காட்டு என்றால் நான் எங்கே போவேன்?

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். எந்த ஊர் கொட்டகை, எந்த வருஷம் என்று தெரிந்ததைப் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள். பிலிம் துண்டு ஏதாவது இருந்தால் தனியாக, அடுப்பு பக்கம் போகாமல் வையுங்கள். ரொம்பப் பழசு சட்டென்று தீப்பிடிக்கும்.

அப்புறம், அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.