தொட்டி இறால் ஏன் சாகிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதமாக இரண்டடித் தொட்டியில் செர்ரி இறால் வளர்க்கிறேன். இருபது வாங்கியது, குட்டி போட்டு எழுபது வரை போனது. போர் தண்ணீர் கண்ணாடியில் உப்புக் கறை படிய வைக்கிறது என்று இரண்டரை மாதமாகக் கேன் தண்ணீருக்கு மாறினேன். ஞாயிறு தவறாமல் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். ஆனாலும் வாரத்துக்கு மூன்று நான்கு செத்துப் போகின்றன, சிலவற்றின் கழுத்துப் பக்கம் வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறது. என்ன வியாதி இது?
– வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: இது வியாதி இல்லை. மருந்து எதுவும் வாங்கி ஊற்றிவிடாதீர்கள், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பாம்பு சட்டை உரிப்பது போல இறாலும் ஓட்டைக் கழற்றித்தான் வளர்கிறது. பெரிய இறால் சுமார் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிகள் அதைவிட அடிக்கடி. முதுகில் தலை ஓடும் உடம்பும் சேரும் இடத்தில் ஓடு வெடிக்கும், அந்த வழியாக ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். அப்படி வர முடியாமல் பாதியில் மாட்டிக்கொள்கிறபோதுதான் அந்த வெள்ளை வளையம் தெரிகிறது. அந்த நிலைக்கு வந்த இறால் பிழைப்பது அபூர்வம்.

ஏன் மாட்டுகிறது? ஓட்டுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும், இறால் அதில் பெரும்பகுதியைத் தண்ணீரிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. போட்டு வடித்த தண்ணீர், அதில் இந்தத் தாது உப்பு மிகக் குறைவு. வாரா வாரம் பாதியை எடுத்துவிட்டு அதை ஊற்றினால் ஒரு மாதத்திலேயே தொட்டியில் பழைய தாது பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். முதல் ஐந்து மாதம் நன்றாகப் பெருகியதே, அது அந்தக் கறை படிய வைத்த போர் தண்ணீரின் தயவில்தான். இன்னொன்று, பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றும்போது ஏற்படும் திடீர் மாற்றமே சில இறால்களைப் புது ஓடு தயாராகும் முன்பே கழற்றத் தூண்டிவிடும். ஞாயிறு மாற்றுகிறீர்கள், செவ்வாய் புதன் வாக்கில் சாகிறது, அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று காட்டும் ஜிஹெச் சோதனைக் குப்பி, இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மோனியா கிட் எவ்வளவு முக்கியமோ இறாலுக்கு இவையும் அவ்வளவு முக்கியம். செர்ரி இறாலுக்கு டிடிஎஸ் 150 முதல் 300 வரை, ஜிஹெச் 6 முதல் 10 வரை இருந்தால் போதும். உங்கள் போர் தண்ணீர் 800, கேன் தண்ணீர் 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போரும் மூன்று பங்கு கேனும் கலந்தால் 230 வரும். ஆனால் டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும், அது கால்சியமா வெறும் சோடியமா என்று அதற்குத் தெரியாது. சென்னையில் கடல் பக்கத்து போர் என்றால் பெரும்பகுதி சோடியமாகவே இருக்கலாம். அதனால்தான் ஜிஹெச்சும் பார்க்கச் சொல்கிறேன். அது குறைவாக இருந்தால் போரை விட்டுவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் இறாலுக்கென்றே விற்கும் தாது உப்புப் பொடியைக் கரைத்து ஊற்றுங்கள்.

வாரம் பத்து சதவீதம் மாற்றினால் போதும், அதையும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கலவைக்கும் ஒரே நாளில் தாவ வேண்டாம், மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட மட்டும் வெறும் ஆர்.ஓ. ஊற்றுங்கள், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அப்புறம் அடி சுத்தம். அளவுக்கு மீறித் துடைக்காதீர்கள். இலையிலும் கல்லிலும் வழவழவென்று படிந்திருக்கிறதே, அதுதான் குட்டிகளின் சாப்பாடு.

கேள்வி: ராத்திரி நன்றாக இருந்தன. காலையில் நாற்பது இறாலும் தரையில் கிடந்தன, சில மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தன. அதே தொட்டியில் இருந்த கப்பி மீனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர் மாற்றிப் பத்து நாள் ஆகிறது. எதுவுமே செய்யாதபோது எப்படிச் சாகும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் நானும் ஒரு காலையில் இப்படி நின்றிருக்கிறேன். மீன் பிழைத்து இறால் மட்டும் ஒரே இரவில் மொத்தமாகப் போனால், உதறலும் இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது பூச்சி மருந்தைத்தான். இறாலும் பூச்சிகளைப் போலக் கணுக்காலி இனம். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் அப்படியே தாக்கும், அதுவும் மிகக் குறைந்த அளவே போதும். பிளக்கில் மாட்டும் கொசு லிக்விட், கொசுவர்த்திச் சுருள், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்துதான். அறையை மூடிவிட்டு லிக்விட் போட்டால், ஏர் பம்ப் ராத்திரி முழுக்க அந்தக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் அன்று என்ன போட்டீர்கள், பக்கத்து வீட்டில் பூச்சி மருந்து அடித்தார்களா, தெருவில் கொசுப் புகை அடித்தார்களா என்று வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான் நல்லது. வேறு வழியே இல்லை என்றால் பம்பையாவது வேறு அறையில் வைத்து, டியூபை மட்டும் கொண்டுவாருங்கள்.

என் விஷயத்தில் காரணம் செடி. கடையில் பச்சைப்பசேல் என்று இருந்த ஒரு கட்டு வாங்கி, குழாயடியில் அலசி நட்டேன், மூன்றாம் நாளுக்குள் எல்லாம் முடிந்தது. நத்தையும் பூச்சியும் வராமலிருக்கப் பண்ணையில் மருந்து அடித்த செடி என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது எந்தச் செடி வாங்கினாலும் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, பிறகுதான் உள்ளே விடுகிறேன். டப்பாவில் ஜெல்லோடு வரும் டிஷ்யூ கல்ச்சர் செடிக்கு இந்தக் கவலை இல்லை, ஜெல்லைக் கழுவினால் போதும்.

செம்பையும் மறக்க வேண்டாம். இறாலின் ரத்தத்திலேயே செம்பு உண்டு, ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு அதற்கு விஷம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் ஊற்றும் சில மருந்துகளில் செம்பு இருக்கும், லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். செப்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் வேண்டாம். அடுக்குமாடி என்றால் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட தேதியைக் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்த வாரம் தண்ணீர் மாற்றவே வேண்டாம்.

மறுபடி இறால் விடுவதற்கு முன் ஆக்டிவேட்டட் கார்பன் (மருந்தை உறிஞ்சும் கரி) போட்டு, பல தடவையாகத் தண்ணீர் மாற்றி, ஒரு மாதமாவது தொட்டியை ஓடவிடுங்கள். முதலில் நான்கு ஐந்து மட்டும் விட்டு, அவை நன்றாக மேய்ந்தால் மற்றதை வாங்கலாம்.

கேள்வி: மதுரையில் சித்திரை வைகாசி வெயிலில் இறால் தாங்குமா?
– வாசகர், மதுரை

பதில்: தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் தாங்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் சூட்டில் இறாலுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். மூடியைக் கழற்றி, தண்ணீர் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். மதுரை போல வறண்ட காற்று உள்ள ஊரில் இரண்டு மூன்று டிகிரி சுலபமாக இறங்கும். தீனியைப் பாதியாக்குங்கள், கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள், சட்டென்று குளிர்ந்தால் அதிலேயே சில போய்விடும். கிரிஸ்டல் ரெட் வகை இதைவிடக் குளிர்ச்சி கேட்கும், ஏசி இல்லாத வீட்டுக்கு அது வேண்டாம்.

கேள்வி: தரையில் அசையாமல் கிடப்பது செத்த இறாலா, கழற்றிய ஓடா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மற்ற இறால்கள் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி நீந்துகின்றன, பயமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓடு என்றால் கண்ணாடி போல உள்ளே காலியாக இருக்கும், முதுகில் பிளவு தெரியும். செத்த இறால் வேகவைத்தது போல வெளுத்தோ இளஞ்சிவப்பாகவோ, ஒளி ஊடுருவாமல் இருக்கும். அதை உடனே எடுத்துவிடுங்கள். ஓட்டை எடுக்க வேண்டாம், தாது உப்புக்காக அவையே தின்னும். அந்தச் சுற்றல் நல்ல செய்தி. ஒரு பெட்டை ஓடு கழற்றியதும் அதன் வாசனை பிடித்துக் கடுவன்கள் தேடி அலைகின்றன. ஓரிரு நாளில் அதன் வயிற்றடியில் முட்டை தெரியலாம். மூன்று நான்கு வாரத்தில் குட்டி வரும், அதற்குள் ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குட்டிகளை அது உறிஞ்சிவிடும்.