படை இல்லாத வணிகக் குடியரசு: பொன்னை விட்டு உப்பிலிருந்து தொடங்குங்கள்

பெரிய படை எதுவும் இல்லாமல், வணிகத்தால் மட்டுமே அண்டை அரசுகளை ஆட்டிவைக்கும் ஒரு குடியரசை மிகைபுனைவுக் கதையில் எப்படி நம்பும்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் ஒரு வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

என் முதல் வரைவில் எங்கே பார்த்தாலும் பொன். மச்சான் வாசித்துவிட்டு, "இவ்வளவு தங்கத்தை வச்சிருக்கிறாங்கள், பக்கத்து ராசா வந்து அள்ளிக்கொண்டு போக எவ்வளவு நேரமடா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் நிலாவெளி உப்பளத்தைத் தாண்டி சைக்கிளில் போகும்போதுதான் அது பிடிபட்டது.

கண்டி இராச்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் அந்த மலைநாட்டைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. ஆனால் மலையில் உப்பு விளையாது. உப்பும் கருவாடும் கரையிலிருந்துதான் ஏறவேண்டும். திருகோணமலைக்குத் தெற்கே உள்ள எங்கள் கொட்டியார் குடாவும் கண்டிக்கு ஒரு கடல்வாசலாக இருந்தது. ஒல்லாந்துக் குடியரசில் 1602இல் தொடங்கிய ஒரு வியாபாரக் கம்பனி இந்த வாசல்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றியது. 1766 உடன்படிக்கையோடு தீவின் கரை முழுவதும் அதன் கைக்குப் போனது. அரசன் சிம்மாசனத்திலேயே இருந்தான், கடலுக்கு இறங்கத்தான் வழியில்லை. யுத்தக் காலத்தில் பாதை பூட்டினால் ஒரு சவர்க்காரக் கட்டியின் விலை எங்கே போய் நிற்கும் என்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, உங்கள் குடியரசைச் சுற்றியுள்ளவர்கள் எது இல்லாமல் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வட ஐரோப்பாவில் வணிகத்துக்காகக் கூட்டுச் சேர்ந்த ஹன்சா நகரங்கள் 1284இல் நோர்வேக்குத் தானியம் போகாமல் தடுத்தன. அரசன் இறங்கிவந்து நட்டஈடு கொடுத்தான்.

அடுத்தது கடன். இதில் இத்தாலியின் வணிகக் குடியரசான வெனிஸை மிஞ்ச ஆளில்லை. நான்காம் சிலுவைப் போருக்கு 33,500 பேரை ஏற்றிச்செல்ல 85,000 மார்க் வெள்ளி என்று பேசிக் கப்பல் கட்டினார்கள். வந்து சேர்ந்தவர்களோ மூன்றில் ஒரு பங்குதான், பணமும் போதவில்லை. சரி, கடனைப் பிறகு பார்க்கலாம், இப்போது அத்ரியாத்திக் கரையிலுள்ள சாரா நகரத்தைப் பிடித்துத் தாருங்கள் என்றது வெனிஸ். 1202இல் சாரா விழுந்தது, 1204இல் கொன்ஸ்தாந்திநோப்பிள். அடுத்தவனுடைய படையே வெனிஸுக்குக் கடன் கழித்தது. இதற்கு மேல் நீங்கள் மந்திரம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம்!

பெயர்களுக்கும் சடங்குகளுக்கும் இத்தாலிக்கே ஓடாதீர்கள் என்று ஆசையோடு கேட்டுக்கொள்கிறேன். நம்மிடம் ஐந்நூற்றுவர் இருந்தார்கள். பல நாட்டு வணிகர் சேர்ந்த கணம், காவலுக்குச் சொந்தமாக எறிவீரர். சுமாத்திராவின் பாரூஸ் வரை போய் 1088இல் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியொரு கணம் எந்த அரசனுக்கும் கீழே இல்லாமல் ஒரு துறைமுகத்தைத் தானே ஆண்டிருந்தால் என்று யோசித்த அன்றைக்குத்தான் என் கதை நகர்ந்தது.

அப்புறம், உள்ளே இருக்கும் விரிசலை மறக்காதீர்கள். வெனிஸில் முதல் இல்லாத ஒருவனும் பணக்காரனின் சரக்கோடு கப்பல் ஏறி, இலாபத்தில் கால் பங்கு வாங்கி மேலே வரலாம். அப்படி வந்தவர்கள் குடியரசின் ஆட்சி மன்றமான பெருமன்றத்திலும் உட்கார்ந்தார்கள். 1297இல் பழைய குடும்பங்கள் அந்தக் கதவைச் சாத்தின, உறுப்பினர் பதவி பரம்பரைச் சொத்தாயிற்று. என் கதையின் வில்லன் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் ஒரு மாலுமியின் மகள்.

முதல் அத்தியாயத்தை இப்போது மாற்றி எழுதிவிட்டேன். மலைநாட்டுக்கு உப்பு போகக்கூடாது என்று மன்றம் முடிவெடுத்த அதே இரவு, அதற்குக் கை தூக்கிய இரண்டு பேர் இருட்டில் வள்ளத்தில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கரையில் நின்று மூட்டைகளை எண்ணுகிறாள்.