பல்லவன் ஏறும் முன் கேட்க வேண்டியது

கேள்வி: வேதியியல் முதுகலை முடித்து, இங்கே சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆறு மாதம் உலோகம் துருப்பிடிப்பது பற்றி ப்ராஜெக்ட் செய்தேன். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்கு அழைத்தது. விடியற்காலைப் பல்லவன் ரயிலில் போனேன். மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். உள்ளே இருந்தவர் என் ரெஸ்யூமைப் புரட்டவே இல்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே, “கல்யாணம் எப்போது?” என்றார். அது விற்பனைப் பிரிவு வேலை என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. “சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள். ஆறு வாரமாகப் பேச்சே இல்லை. எனக்குத் தகுதி இல்லையா?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஆத்தா, உன் தகுதியை அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லையே! துருவைப் பற்றி நாலு கேள்வி கேட்டு, நீ திணறியிருந்தால் இந்தச் சந்தேகம் சரி. படிக்காத ரெஸ்யூமை வைத்து உன்னை எப்படி எடை போட்டிருப்பார்கள்? உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பிள்ளை இருட்டில் எழுந்து ரயிலேறி வந்திருக்கிறாள். அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்கு மனமில்லை.

கல்யாணக் கேள்வியை லேசாக விட மாட்டேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காக வேற்றுமை காட்டக் கூடாது என்று 1976-ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டமே அன்றைக்குச் சொல்லிவிட்டது; அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இனி யாராவது அப்படிக் கேட்டால், “இந்த வேலைக்கு அது எதற்கு சார்?” என்று நிதானமாகத் திருப்பிக் கேள். பதிலிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்று, என்ன வேலை என்று கேட்காமலே நீ கிளம்பிவிட்டாய். பெரிய பெயரைப் பார்த்ததும் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். நம் பக்கத்து ஆட்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வேலைக்குப் போன காலத்தில் இன்ன ஊர், இன்ன வேலை, மூன்று வருஷத்துக்கு இவ்வளவு சம்பளம், அதில் முன்பணம் எவ்வளவு என்று பேசி, சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போனவனுக்கும் தான் போகிற வேலை என்னவென்று தெரியும். நீ எழும்பூருக்கு டிக்கெட் எடுக்கும் முன் அதே கேள்விகளை மெயிலில் கேள். எந்தப் பிரிவு, எத்தனை சுற்று, பயணப்படி உண்டா, முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா? பதில் சொல்லாத கம்பெனிக்கு ஒரு நாளைச் செலவழிக்காதே.

இந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு மெயில் போடு. முடிவு என்ன என்று இரண்டு வரி போதும். ஒரு வாரம் பார். அப்புறம் அதை மறந்துவிடு.

அதற்குள் சிக்ரியில் உனக்கு வழிகாட்டிய விஞ்ஞானியைப் போய்ப் பார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்த இடம் அது. ஒப்பந்த அடிப்படையில் ப்ராஜெக்ட் உதவியாளர்களை அங்கே எடுப்பதுண்டு. உன் ஆறு மாத வேலையைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர்தான். தகுதி இருக்கிறதா என்ற கேள்வியை அவரிடம் கேள்.