தீவுக்கு நிவாரணச் சாமான் சேர்க்கிறீர்களா? எதை வாங்கலாம், எப்படிச் சேர்க்கலாம்

கேள்வி: கீழக்கரையில் எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து, புயல் மழைக் காலத்தில் ராமேஸ்வரம் தீவு மக்களுக்குக் கொடுக்க வீட்டுச் சாமான்களும் வேலைக் கருவிகளும் சேகரிக்க நினைக்கிறோம். எதை வாங்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம்? எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? தேவைப்பட்டால் இலங்கைக்கும் அனுப்ப முடியுமா?

பதில்: முதலில் எதை வாங்க மாட்டீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வந்து இறங்கிய பழைய துணி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் வீடு இழந்து நிற்பவரிடம் கிழிந்த சட்டையை நீட்டினால் அவர் மனம் என்ன பாடுபடும்? பழைய துணி, சமைத்த உணவு, மீந்துபோன மருந்து இந்த மூன்றும் வேண்டாம் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். புதுப் போர்வை, புது நைட்டி, உள்ளாடை, நாப்கின் என்றால் தாராளமாக வாங்கலாம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை ஓய்ந்த மறுநாள் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தால் பட்டியல் தானாக வந்துவிடும். தண்ணீரையும் சேற்றையும் வெளியே தள்ள வேண்டும், கூரையை மூட வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், அப்புறம் தொழிலுக்குப் போக வேண்டும். மம்பட்டி, இரும்புச் சட்டி, கடப்பாரை, அரிவாள், சுத்தியல், ஆணி, கட்டுக்கம்பி, நைலான் கயிறு, தார்ப்பாய், வாளி ஆகியவை முதலில் வேண்டும். கடப்பாரை, ஏணி மாதிரிப் பெரிய சாமான்கள் வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. ஊருக்கு நாலைந்து கொடுத்து, பொதுவில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

பழைய கருவி வாங்குவதில் தப்பில்லை, ஆனால் அதைச் சோதித்து வாங்குங்கள். மம்பட்டியின் தலை ஆடுகிறதா என்று தரையில் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். ஆடினால் ஆப்பு அடியுங்கள். பிடி வெடித்திருந்தால் புதுப் பிடி போடுங்கள், தச்சரிடம் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ரம்பத்தின் பல்லும் அரிவாளின் வாயும் தீட்டியிருக்க வேண்டும். பிறகு துருவைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் தடவி, செய்தித்தாளில் சுற்றி, மேலே பாலித்தீன் உறை போடுங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றில் வெறும் இரும்பு நாலு மாதம் கிடந்தால் கடைசியில் துருதான் மிஞ்சும்.

சமையல் சாமான்களைத் தனித்தனியாகக் கொடுக்காமல் ஒரு வீட்டுக்கு ஒரு கட்டாகக் கட்டிவிடுங்கள்: சோறு வடிக்க ஒரு பாத்திரம், குழம்புச் சட்டி, மூடிகள், கரண்டி, தட்டு, டம்ளர், குடம், கத்தி, அரிவாள்மணை. குக்கர் வந்தால் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் புதிதாகப் போடுங்கள். கேஸ் அடுப்பு வாங்கலாம், ரப்பர் குழாய் மட்டும் புதிதாக இருக்கட்டும். சிலிண்டரை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மிக்ஸி மாதிரி மின் சாதனங்களை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் நனைந்தது என்றால் வேண்டாம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கருவி என்றதும் எல்லாரும் ஆண்களின் தொழிலையே நினைக்கிறார்கள். வலை ஊசி, நைலான் நூல், என்ஜின் கழற்ற ஸ்பேனர் செட் எல்லாம் வேண்டும்தான், செட்டில் ஒரு ஸ்பேனரும் குறையாமல் கொடுங்கள். ஆனால் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு நீச்சல் கண்ணாடியும், பாறையில் மிதிக்க ரப்பர் செருப்பும், கையுறையும், பாசி போடும் வலைப்பையும் இல்லை என்றால் பிழைப்பு இல்லை. மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பவர்களுக்கு மூங்கிலும் கயிறும் வேண்டும். மீன் விற்கும் பெண்களுக்குக் கூடையும், தராசும், ஐஸ் பெட்டியும் போனால் அன்றே வருமானம் நின்றுவிடும். இவை நிவாரணப் பட்டியலில் எளிதில் விட்டுப்போகிறவை. மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் நேரில் கேட்டால் யார் வீட்டில் என்ன போனது என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சேகரியுங்கள்.

கொண்டுபோவதில் அவசரம் வேண்டாம். 1964 புயலில் பாம்பன் ரயில் பாலம் சேதமானதும் தீவு துண்டிக்கப்பட்டது. 1988இல் சாலைப் பாலம் வந்த பிறகும் லாரிக்கு அந்த ஒரு வழிதான். மழை விட்ட முதல் இரண்டு நாளும் அதை ஆம்புலன்சுக்கும், மின்வாரியத்துக்கும், தீயணைப்பு வண்டிக்கும் விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே சேகரித்து, உச்சிப்புளி மாதிரி பாலத்துக்கு இந்தப் பக்கம் மேடான ஒரு கட்டடத்தில் அடுக்கி வையுங்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, ஒவ்வொரு மூட்டையின் வெளியிலும் உள்ளே இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். புறப்படும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077இல் கூப்பிட்டு, எந்த ஊருக்கு எது இன்னும் போகவில்லை என்று கேளுங்கள். சாலையோரம் தங்கச்சிமடத்தில் வண்டியை நிறுத்தி அங்கேயே இறக்கிவிட்டு வருவது எளிது. ஆனால் ஓலைக்குடா, நடராஜபுரம் மாதிரி ஓரத்து ஊர்கள் அதில் விட்டுப்போகும்.

இலங்கைக்கு என்றால், நீங்களாகப் பொருள் அனுப்புவதை விட்டுவிடுங்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாடு அனுப்பிய அரிசி, பால் பவுடர், மருந்து எல்லாம் மத்திய அரசின் அனுமதியோடு கப்பலில் போனவை. அப்போது பொதுமக்கள் முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பணமாகக் கொடுத்தார்கள். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால், கொடுக்க விரும்புகிறவர்களை அரசு அறிவிக்கும் நிதிக்கு அனுப்பிவையுங்கள். படகில் ஏற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். எல்லை தாண்டினால் படகும் பிடிபடும், ஆட்களும் சிறைக்குப் போவார்கள்.